எந்த ஆரணி?

இன்று காலை புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒருவர் கல்யாணப் பத்திரிகையும் கையுமாக வந்து, "ஆரணி பஸ்ஸு எங்கம்மா நிக்கும்?" என்று கேட்டார். "எந்த ஆரணி?" என்றேன். பத்திரிகையில் இருந்தது வேலூர்ப் பக்கத்து ஆரணி. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி உன்னுடையது. பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் உன்னைக் கட்டிக்கொடுத்த பிறகு ஊரார் எல்லாம் உன்னிடம் கேட்டது. அலுத்துப்போய் நீயும் எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தாய்.

உன் மார்பில் இருந்த கட்டியைச் சோதித்த முதல் ரிப்போர்ட்டில் 'ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ்' என்று இருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்கு வந்தாய்.

"பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா அண்ணி? காலேஜுல இதத்தானே சொல்லிக் குடுத்துக்கினு கீறீங்க?"

நல்லது, இதற்கு மாத்திரை இருக்கிறது என்றேன். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து சேர்ந்ததும், செல்லுக்குள் அதைப் பிடிக்கும் ரிசெப்டர்கள் இரண்டிரண்டாக இணைந்து, டி.என்.ஏ.வில் ஒரு சின்னச் சொல்லைத் தேடிப் போகும். ஆறு எழுத்து, மூன்று எழுத்து இடைவெளி, பிறகு எதிர் இழையில் அதே ஆறு எழுத்து தலைகீழாக. ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் அந்த ஜீன் விழிக்கும், செல் பெருகும். மாத்திரை ரிசெப்டரில் ஹார்மோனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தடுத்துவிடும். பஸ் ஸ்டாண்டில் போர்டு படித்து ஏறுவது மாதிரி என்று வைத்துக்கொள் என்றேன்.

"அந்தச் சொல்லு ஒரே எடத்துலதான் கீதா?"

"நிறைய இடத்துல இருக்கு."

"அப்ப எந்த ஆரணின்னு அதுக்கு எப்டி தெரியும்?"

இழை பெரும்பாலும் இறுகச் சுற்றிக் கிடக்கும், ஒவ்வோர் உறுப்பிலும் வெவ்வேறு இடங்கள்தான் திறந்திருக்கும் என்றேன்.

"அதான பாத்தேன். போர்டு மட்டும் பாத்தா பத்தாது. ஊடு தொறந்து கீதான்னும் பாக்கணும்."

சில வருடங்கள் மாத்திரை வேலை செய்தது. பிறகு கட்டி கல்லீரலில் வந்தது. புது ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரி பெஞ்சில் நான்தான் முதலில் படித்தேன். ரிசெப்டர் இல்லை.

"சொல்லு அப்டியேதான் கீதா?" என்றாய்.

"அப்படியேதான் இருக்கு."

"போர்டு கீது, படிக்க ஆளில்ல. மாத்திர யாரப் போய் புடிக்கும்?"

அதில் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நீதான் முதலில் எழுந்தாய். "வாங்க அண்ணி, நாஷ்டா துன்னுட்டுப் போலாம்."

இப்போதும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். எழுத்துகளைப் பலகையில் எழுதியதும் திரும்பி, "சரி, எந்த ஆரணி?" என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். கேள்வி யாருடையது என்று சொன்னதில்லை.

கல்யாணப் பத்திரிகையோடு வந்தவரைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பின்னாலேயே நம் ஆரணி பஸ் வந்து நின்றது. நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் தன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போர்டைப் படித்தேன். ஊடு பூட்டிக் கிடக்கிறது. ஏறவில்லை.