தன் ஜனாஸாவில் நின்றவன்

மச்சான்,

கட்டாரிலிருந்து மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். காலம் முன்னும் பின்னுமாக ஓடும் படம். பாதியில் எனக்குத் தலை சுற்றியது. நிறுத்திவிட்டு, "இவன் முதல் வந்தவனா, ரெண்டாவது வந்தவனா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். என் மனைவி போன பிறகு வீட்டில் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நீ சொன்ன கதையை விடவா அது குழப்பம்? சாய்ந்தமருதுக் கரையில், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து தோணி நிழலில் குந்துவோம். உன் கதையில் ஒரு மீனவன் கடலுக்குப் போய்த் திரும்புகிறான். கரையில் அவனே தோணியைத் தள்ளிக்கொண்டு புறப்படுவதைக் காண்கிறான். பிறகு இருவரில் ஒருவன் இறந்து, அவனுடைய மையத்து கரையொதுங்குகிறது. மற்றவன் தன் ஜனாஸாத் தொழுகையில் தானே கடைசி ஸப்பு வரிசையில் நிற்கிறான். அப்படியென்றால் மௌத்தானது யார்? நீ வாயைத் திறப்பதற்குள் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லிவிடும். "மிச்சம் நாளைக்குடா" என்று உடுத்த சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்புவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறுநாள் போனால் இன்னொரு முடிச்சுப் போடுவாய்.

முடிவைச் சொல்லாமலே போய்விட்டாய்.

உன் ஜனாஸாவில் முன் ஸப்பில் நின்றேன். இமாம் தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டப்போகும் நேரம், என்னையறியாமல் திரும்பிக் கடைசி ஸப்பைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற இளையவர், "யாரத் தேடுறீங்க காக்கா?" என்றார். உன்னைத்தான் தேடினேன். நீ அங்கே இல்லை.

உன் மனைவி நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தா முடிந்த பிறகு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி கதவுச்சீலைக்கு அப்பால் இருந்து கதைத்தார். அந்தக் கதையின் முடிவை உங்களிடமாவது சொன்னாரா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.



"முடிவு அவருக்கும் தெரியாது காக்கா. உங்களச் சொல்லித்தான், 'பொஞ்சாதி மௌத்தானதிலிருந்து அவன் ஊட்டுக்குள்ளயே கிடக்கான், கத முடிஞ்சா நாளைக்கு வரமாட்டான்' எண்டு சொல்லுவாரு. பகல் சோறு திண்ணக்குள்ள என்னட்டத்தான் கேப்பாரு, இண்டைக்கு என்ன முடிச்சுப் போடுற எண்டு."

வீதியில் அழுதுகொண்டே வந்தேன், மச்சான். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

இப்போது எனக்கு முடிவு வேண்டாம். அஸருக்குப் பிறகு அந்தக் கரைக்குத்தான் போகிறேன். நேற்று அந்த மீனவனுக்கு நானே ஒரு சிக்கல் செய்தேன்: கரையொதுங்கிய மையத்தை அவன் கையாலேயே குளிப்பாட்ட வைத்தேன். இனி அவன் என்ன செய்வான் என்று எனக்கே தெரியவில்லை. கேட்க ஆளில்லாமல் பாங்கு சொல்லும்வரை குந்தியிருந்தேன். ஆனாலும் கதையை முடிக்கவில்லை.