இடக்கை வார்த்தைகள்

ஆகஸ்ட் 3, 1979. வெள்ளி.

காலை ஏழுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் வரை பஸ்ஸில் நின்றபடியே. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த முறை ஹையர் கிரேடு எழுதுவது இரண்டே பேர். நானும் திருமானூர் ராஜமாணிக்கமும். (இனி ரா.மா. அவனுக்கு அவ்வளவு மை போதும்.) பரீட்சை திருச்சியில். மெஷினை நாமே தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஹையருக்குத் தாங்குகிற மெஷின் இரண்டுதான். ஒன்றாம் நம்பர், வெண்ணெய். அதில் ரா.மா. ஐந்தாம் நம்பர், சனியன். அதில் நான். அதன் ஏ கீ ஒரு தட்டுக்கு விழாது. பிப்ரவரியில் அதனால்தான் கோட்டை விட்டேன். அதிலிருந்து ஏ வந்தாலே சுண்டுவிரலால் இரண்டு தட்டு.

இந்தத் தடவை பாஸாகியே தீரவேண்டும். பெரம்பலூர் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் அக்கா நவம்பரில் பிரசவ லீவு. ஹையர் இருந்தால் அந்த நாற்காலி எனக்காம். இல்லாவிட்டால் அப்பாவின் சைக்கிள் கடையில் காற்றடிக்க வேண்டியதுதான்.

மாஸ்டரிடம் கேட்டேவிட்டேன். "எப்பவும் அவருக்கே ஒண்ணாம் நம்பரா சார்?"

ஆகஸ்ட் 4. சனி.

மாஸ்டர் தீர்ப்பு. வாரப் பத்திரிகை வார்த்தைப் போட்டிக்குக் கூப்பன் நிரப்பியே வழுக்கை விழுந்த மனிதர், வேறு எப்படித் தீர்ப்பு சொல்வார்? வியாழக்கிழமை எங்கள் இருவருக்கும் போட்டி. டைப் அடிக்கும்போது இடது கை மட்டுமே தொடுகிற எழுத்துகளால் ஆன இங்கிலீஷ் வார்த்தைகள். மாறி மாறிச் சொல்லவேண்டும். தடுமாறினால் அவுட். ஜெயித்தவருக்கு ஒன்றாம் நம்பர்.

ரா.மா. சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டான். ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

ஆகஸ்ட் 6. திங்கள்.

சமையல்கட்டில், விரலால் தொடையில் தட்டிப் பார்த்துக் கிடைத்தவை:
வாட்டர், டீ, எக், கேபேஜ், ஸ்வீட். எல்லாம் இடக்கை.
மில்க், ஆயில், ஆனியன். சுத்த வலக்கை. உதவாது.
ரைஸ். இரண்டு கையும் கேட்கிறது.

அம்மா: "எதுக்குடி தொடையத் தட்டிக்கிட்டே இருக்க?" பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா இன்னும் மேலே போய்விட்டார். "பாப்பாவுக்கு வலிப்பு கிலிப்பு வருதா?" என்று நெற்றியில் திருநீறே பூசிவிட்டார். நானும் துடைக்கவில்லை. போட்டிக்கு ஆகட்டுமே.

ஆகஸ்ட் 9. வியாழன்.

ஜெயித்தேன்!!

அவன் ட்ரேட். நான் வாட்டர். அவன் ஸ்ட்ரீட். நான் கேபேஜ். அவன் அட்ரஸ். நான் ஸீக்ரெட். அவ்வளவுதான், ஆள் முழித்தான். சீப்பைத் தொட்டான். விட்டத்தைப் பார்த்தான். "யூனியன்" என்றான்.

மாஸ்டர் மேஜையில் அடித்தார். "யோவ், அது முழுக்க வலக்கைய்யா!"

வரும்போது தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். தபால்காரரிடம்கூட.

ஆகஸ்ட் 11. சனி.

வினை. ஒன்றாம் நம்பரில் ஏ கீ தொட்டாலே விழுகிறது. என் சுண்டுவிரலோ இரண்டு தட்டுதான் தட்டுவேன் என்கிறது. டியர் மேடம் என்ற இரண்டு வார்த்தையிலேயே மூன்று ஏ அதிகம். ஆறு மாதப் பழக்கம், ஒரு வாரத்தில் எப்படிப் போகும்? அழுகை வருகிறது.

ஆகஸ்ட் 14. செவ்வாய்.

ரா.மா. தாளை எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நம்பரில் ஒரே தட்டாய்த் தட்டுகிறான். பக்கம் முழுக்க ஏ-யே இல்லை. அவன் ஏ எல்லாம் என் தாளில் இருக்கிறது.

மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்பேனா? தபால்காரர் இன்று காலைகூட, "ஒண்ணாம் நம்பர் எப்படி ஓடுதும்மா?" என்கிறார். "ஜோரா ஓடுதுங்க" என்றேன். திமிர்தான், வேறென்ன.

ஆகஸ்ட் 18. சனி. திருச்சி.

இரண்டு மெஷினும் சாக்குச் சுற்றி பஸ் டாப்பில் வந்தன. ஹாலில் மேஜைமேல் இறக்கியாயிற்று. பெல்லுக்குப் பத்து நிமிஷம். பெரம்பலூர் நாற்காலி, சைக்கிள் பம்பு, இரண்டும் கண்ணில் வந்துவந்து போயின. ரா.மா. மேஜைக்கு முன் போய் நின்றேன்.

"அஞ்சாம் நம்பரக் குடுத்துடுங்க."

"ஏங்க? ஜெயிச்சீங்கல்ல?"

"கிண்டல் பண்ணாதீங்க. நேரமாவுது."

"சும்மாவா? ஒரு வார்த்த சொல்லுங்க. இடக்கை."

"டிஃபீட்" என்றேன். தோல்வி. அத்தனை எழுத்தும் இடக்கை.

விரலை மேஜையில் தட்டிச் சரிபார்த்தான், படவா. "அட, அன்னிக்கி இது வரலையேங்க எனக்கு!" என்றான். ஆனால் மெஷினைத் தூக்கி என் மேஜையில் வைத்ததும் அவன்தான்.

சனியன் சொன்னபடி கேட்டது.

நவம்பர் 5. திங்கள். தூறல்.

பாஸ். ரா.மா.வும் பாஸ். இன்று பெரம்பலூர் ஆபீஸில் சேர்ந்தேன். மெஷின் புத்தம்புதுசு. முதல் லெட்டரிலேயே ஏ எல்லாம் இரட்டை. ஆபீஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "நாளைக்குச் சரியா வரணும்மா" என்றார்.

சாயங்காலம் நேரே அரியலூர், இன்ஸ்டிடியூட். ஒன்றாம் நம்பரில் ஒரு மணி நேரம் பழக இடம் வேண்டும். அதில் யார்? ஸ்பீடு ஏற்ற வந்திருக்கும் ரா.மா.

விஷயத்தைச் சொன்னேன். எழுந்து நாற்காலியைத் துடைத்தார். உட்காரப் போனேன், கையை நீட்டி மறித்தார்.

"வார்த்த சொல்லிட்டு உக்காருங்க. இந்தத் தடவ வலக்கை மட்டும்."

"யூனியன்" என்றேன்.

ராஜமாணிக்கம் காது வரை சிவந்து, மறித்த கையை எடுத்துச் சீப்பைத் தேடினார்.