நண்டின் மேல் போட்ட பழி

இன்று காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன், வீட்டுக்குப் போகாமல் நேராகக் கழனிக்கு வந்தேன். இரண்டு நாளாக வாய்க்காலில் தண்ணீர் இல்லை. காயத் தொடங்கிய சேற்றின் வாடை மூக்கில் ஏறியதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று ஆறு வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. அலுத்துவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

தானே புயலுக்கு அடுத்த வருடம் அது. நடவு பச்சை பிடித்ததும் நீ நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி வைத்திருந்தாய். எதற்கு என்று கேட்டேன். "கீழ களை வெதயெல்லாம் தூங்கிகினு இருக்குதுங்க. மேல தண்ணி நின்னா அதுக்கு மூச்சு முட்டும், எழுந்திரிக்காது. சேறு காஞ்சி வெயில் பட்டுச்சின்னா அவ்ளோதான்" என்றாய். அரைக் காதில்தான் வாங்கினேன். சுரங்கத்தில் எனக்குப் பம்ப் வேலை. எட்டு மணி நேரமும் தண்ணீரை வெளியே தள்ளுகிறவனுக்கு, தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டாலே கை பரபரக்கும்.

நீ குறிஞ்சிப்பாடியில் உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மதியம் மழை கொட்டியது. போய்ப் பார்த்தேன். பயிர் பாதி மூழ்கியிருந்தது. உனக்குப் பெரிய உதவி செய்கிற நினைப்பில் மடையை வெட்டி மொத்தத் தண்ணீரையும் வடித்தேன். பிறகு வெட்டிய இடத்தை மிதித்து மூடிவிட்டு, டபுள் ஷிப்ட் என்று சுரங்கத்துக்குப் போய்விட்டேன். அதன்பின் மழையே இல்லை.

ஒரு வாரம் கழித்து நீ வந்தபோது சேறு வெடித்திருந்தது. பயிருக்கு நடுவே குதிரைவாலிப் புல்லும் கோரையும் ஊசி ஊசியாக நின்றன. வரப்பைச் சுற்றி வந்த நீ ஒரு வளையைக் கண்டுபிடித்தாய். "பாழாப்போன நண்டு! தண்ணியெல்லாம் வடிச்சி வுட்டுடுச்சிங்க" என்றாய். நான் "ஆமாம்" என்றேன். நண்டு இல்லை, நான்தான்.

அப்போதே உனக்கு வயிற்று வலி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக நாள் பார்த்து வைத்திருந்தோம். ஆள்கள் எல்லாம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டதால் களையெடுக்க யாரும் கிடைக்கவில்லை. "இத எடுத்துட்டே போலாங்க. வுட்டா பயிர முழுங்கிடும்" என்று இறங்கிவிட்டாய். குதிரைவாலி இளசில் அச்சு அசல் நெல்தான். ஒவ்வொரு தூராகத் தடவிப் பார்த்துப் பிடுங்கினாய். ஒரு கை களையில், ஒரு கை வயிற்றில். ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பயம்.

அன்று உன் கைக்குத் தப்பிய புல் உதிர்த்த விதை இன்னும் மண்ணில் கிடக்கிறது போலும். கொஞ்சம் சேறு தெரிந்தால் போதும், முளைத்துவிடுகிறது. "மருந்து அடிச்சிட்டுப் போப்பா, ஏன் ஒடம்பக் கெடுத்துக்கிற?" என்று மகள் போனில் சத்தம் போடுகிறாள். நான் கையால்தான் எடுக்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாய்: "நாந்தாங்க ஊருக்குப் போவாம வரப்பப் பாத்துகினு இருந்திருக்கணும். எம்மேல கோவமா?"

"பரவால்ல, வுடு" என்று உன் கையைத் தட்டிக்கொடுத்தேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய்.

மடையை வெட்டியதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்கிறேன். உன்னை நான் மன்னித்தேனே, அதுதான் முடியவில்லை.