புறா சீசனுக்கு முந்தின வாரம்

ஆகஸ்ட் 25, செவ்வாய். வெயில் 98 டிகிரி.

துணி காயவைக்கும் டிரையரின் வடிகட்டியில் ஒரு சாம்பல் இறகு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அப்பா வேட்டைக்குச் சட்டைமேல் போடும் கையில்லாத பழுப்பு வெஸ்ட்டையும் அம்மா துணியோடு துணியாகப் போட்டிருக்கிறாள். இத்தனை வருடத்தில் அதை யாரும் துவைத்ததே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"துப்பாக்கியோட சேத்திக் குடுக்கத்தான். செல்வம் அங்கிள் சனிக்கிழமை வர்றாரு. அழுக்கோட குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அப்பாவின் வலது கண் ஆபரேஷனுக்குப் பிறகு சரியாகவில்லை. ஒரு பறவை போனால் இரண்டாகத் தெரிகிறதாம். அதனால் துப்பாக்கியை நண்பருக்குக் கொடுக்கிறார். இதுவரை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இறகு இந்த நோட்டில்.

தயிர் வாங்க வேண்டும். அத்தை மெசேஜுக்குப் பதில். அப்பாவிடம் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 26, புதன். காலையில் மேகமூட்டம், பத்து மணிக்குப் போய்விட்டது.

அப்பாவுக்கு இடது காது மந்தம். புறா வேட்டையின்போது வயலில் சத்தமாகப் பேசவும் கூடாது. அதனால் எனக்கு ஒரு வேலை. அவர் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது. முதுகில் ஒரு தட்டு, இடப்பக்கம் வருகிறது. இரண்டு, வலப்பக்கம். மூன்று என்றால் வேண்டாம், அது புறா இல்லை, துப்பாக்கியை இறக்குங்கள்.

பத்து வயதில் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்தேன். பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று வருடா வருடம் ரிப்போர்ட்டில் எழுதினார்கள். போன வருடம் பள்ளியை விட்டே நின்றுவிட்டேன். வயலில் மட்டும் அப்பா பெருமையாகச் சொல்வார்: "எங்க அம்மிணி மாதிரி சத்தமில்லாம உக்கார ஒருத்தர் வரட்டும் பாக்கலாம்."

முதல் சீசன் செப்டம்பர் ஒன்றிலிருந்து பதினைந்து வரை. அடுத்து ஓரிரு நாளில் புரட்டாசி, வீட்டில் கறி கிடையாது. "கவர்மெண்டும் பெருமாளும் பேசி வெச்ச மாதிரி இருக்குது" என்பார் அப்பா. ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் அம்மா சிரிக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 27, வியாழன். காற்று.

மதியம் தூங்காமலே ஒரு கனவு மாதிரி. மலை மேல் ஏறும் கார். விடியாத வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றும் காற்றாலைகள். அந்தப் பக்கம் இறங்கினால் அறுத்து முடித்த சூரியகாந்தி வயல். அப்பா மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி, கட்டையில் விரிசல், அதற்குச் செம்புக் கம்பிச் சுற்று. சுட்டு மடக்கினால் இரண்டு தோட்டாக் கூடுகளும் வெளியே குதிக்கும், நூல் போலப் புகை.

ஒரு தடவை ஒரு புறா தனியாக வந்தது. சிறகுக்குள் வெயில் நுழைந்து ரோஸ் நிறம். மூன்று தட்டினேன். அப்பா இறக்கிவிட்டார்.

"புறா மாதிரி இருந்துச்சே?"

"இல்லப்பா."

திரும்பும்போது பெட்ரோல் போடும் இடத்தில் எனக்கு ஹாட் சாக்லெட் வாங்கித் தந்தார். நெடுநேரம் கழித்து, "அந்தப் புறா இல்லாத புறா நல்லாத்தான் பறந்துச்சு" என்றார்.

சாயங்காலம் கராஜில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசனை. கதவருகே நின்றேன். சொல்ல நினைத்தது: கொடுக்காதீர்கள். வேட்டை வகுப்பு முடித்தால் நானே சுடலாமாம், பார்த்துவிட்டேன். நான் முன்னால் உட்காருகிறேன், நீங்கள் பின்னால்.

"என்ன அம்மிணி?"

"தண்ணி வேணுமாப்பா?"

"வேண்டாம்."

உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, சனி. மறுபடி வெயில்.

பத்து மணிக்குச் செல்வம் அங்கிள், கையில் முறுக்கு டப்பா.

"ஏனுங்க, இந்தத் துப்பாக்கி சுடுமா, தும்முமா?"

"ரெண்டும் செய்யும்" என்றார் அப்பா.

"துப்பாக்கிக் கடையில பேர் மாத்தப் பேப்பர் போட்டுட்டு வந்துரலாம் வாங்க. லேட்டானா க்யூ." என்னைப் பார்த்து, "ஸ்கூல் எப்படிம்மா போகுது?"

"காபி எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

நான் காபியோடு வந்தபோது வெஸ்ட் ஒரு பையில், பட்டுப்புடவை போல மடித்து. அப்பா துப்பாக்கியை மடக்கி, காலிதானா என்று இரண்டு தடவை பார்த்தார். ஒருமுறை தோளில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். பிறகு இறக்கி, கம்பிச் சுற்றைக் கட்டைவிரலால் தடவினார்.

"குடுங்க" என்று அங்கிள் கை நீட்டினார்.

காபியை மேஜையில் வைத்தேன். அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று, முதுகில் மூன்று தட்டினேன்.