ஒழுங்கைக்குத் தெற்கே

சகலனுக்கு,

ஸலாம் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன், மனமுவந்து அல்ல.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நம் ஊருக்குத் தனி நகரசபை கிடைத்தபோது, எல்லை வகுக்கும் குழுவில் இருந்த நான் பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கையைத் தெற்கு எல்லையாக்கச் சொன்னது உங்களுக்காகத்தான். உங்கள் வீடு வெளியே போனால் தவிசாளர் கதிரைக்கு எனக்கு எதிராக நீங்கள் போட்டியிட முடியாதல்லவா? ராத்தாவையும் தங்கையையும் கட்டிய நாம் இருவரும் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகளில் குடியிருப்பது, கோடு கிழித்த அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

நேற்று என் வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள். “உங்கட வாக்கு பழைய சபையிலெல்லுவா இருக்கு, காக்கா” என்று கச்சேரியில் மனு வாங்கும் அதிகாரி சிரித்தார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி, “வளவு ஒண்டு, கிணறு ஒண்டு. ராத்தாட ஊடு மட்டும் எழும்பி நடந்து போகுமெண்டா நினைச்சீங்க?” என்று கேட்டு, சீனி போடாத தேத்தண்ணீரை முன்னால் வைத்தாள்.

இத்தனைக்கும் காரணம் உங்கள் பதவி ஆசைதான். பெருநாளைக்கு நீங்கள் ஊரெல்லாம் கைகொடுத்துத் திரிந்ததை நான் பார்க்காமலா இருந்தேன்? என் கதிரை பறிபோனதற்கு மறுமையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். இனி என் முற்றத்தால் நடக்கவும் வேண்டாம்.

ஒழுங்கைப் பக்க மதிலில் நீங்கள் ஒட்டியிருக்கும் போஸ்டர்களையும் இன்றே கிழித்துவிடுங்கள். எல்லாவற்றிலும் என் படத்தைப் போட்டு, எனக்கல்லவா வாக்குக் கேட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
கிணற்றுக்கு இந்தப் பக்கத்துச் சகலன்