அப்பா நாற்காலி போட்ட பக்கம்

5 ஜூலை, சனி

இன்றும் தோற்றோம். மூன்றுக்குப் பூஜ்யம். "தோற்றோம்" என்று எழுதுகிறேன். நான் செய்ததெல்லாம் திடலோர மரத்தடியில் உட்கார்ந்து நாவல் படித்ததுதான்.

என் தங்கை ஆட்ரிக்குப் பதின்மூன்று வயது. ஒன்பதாம் எண் சட்டை அவளுக்கு முட்டியைத் தொடுகிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் கொடுத்தது அப்பா. இளவயதில் ரெங்கம் தோட்டக் கால்பந்து அணியில் அவர் ஒன்பதாம் எண்; முன்வரிசையில் நின்று கோல் அடித்தவர். மகளும் அப்படித்தான் ஆவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிரணி கோலுக்குப் பின்னால் போட்டுக்கொள்வார். அவள் அடிக்கும் பந்து நேராகத் தன்னிடம் வர வேண்டுமாம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் நாற்காலியும் மாறும்.

இதுவரை ஒரு பந்தும் வரவில்லை.

"பந்தப் பாரு லா, பாப்பா! பந்தப் பாரு!" சிம்பாங் ரெங்கம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். அவளோ தலையைத் திருப்பித் திருப்பி எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளர் காளிதாஸ் (வாரநாட்களில் ஏசி பழுதுபார்ப்பவர், சாது) என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "நல்ல பிள்ளதான் மிஸ். ஆனா கனவு காணுது. அடுத்த வாரமும் இப்படின்னா வெளிய உக்கார வைக்கணும்."

அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும்.

8 ஜூலை, செவ்வாய்

பூட்ஸைக் கழுவி, காயவைத்து, பையில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டாள். "கோச்சுகிட்ட குடுத்துருங்கக்கா. வேற யாருக்காச்சும் சைஸ் சரியா இருக்கும்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

சனிக்கிழமை ஒரே ஒரு ஆட்டம், அதற்குப் பிறகு உன் இஷ்டம் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் யார் சொல்வது? நானா? நான் எப்போது அவரிடம் எதைச் சொல்லியிருக்கிறேன்?

10 ஜூலை, வியாழன்

பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், அம்மா கூட்டத்தில் தொலைந்துபோனார். நான் எட்டி எட்டிப் பார்க்கிறேன். ஆட்ரி கரும்புச்சாற்றை உறிஞ்சியபடியே, திரும்பாமல், "பின்னாடி, சோளக் கடையில" என்றாள். அங்கேதான் இருந்தார்.

"எப்படித் தெரியும்?"

"வரும்போதே பாத்தேனே. அம்மா அந்தக் கடையத் தாண்ட மாட்டாங்க."

கனவு காண்கிற பெண்தானா இவள்?

12 ஜூலை, சனி

குளுவாங்கில் ஆட்டம். அப்பா முதலாளியைக் கேட்டு, தான் ஓட்டும் தொழிற்சாலை பஸ்ஸையே எடுத்து வந்தார். இரண்டு கோல் வாங்கினோம். ஆட்ரி கடைசிப் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு நாங்கள் மூவர்தான். பேச்சுக்கொடுக்கலாமே என்று கேட்டேன்: "ரெண்டாவது கோல் எப்படி விழுந்துச்சு? நான் பாக்கல."

"புக்கு படிச்சீங்க."

"சரி, படிச்சேன். சொல்லு."

எழுந்தாள். காலி இருக்கைகளைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "இது நம்ம கீப்பர் ஷர்மினி. பந்து இங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் பந்துகிட்ட ஓடிட்டாங்க. இந்த சீட்டு, இந்த சீட்டு காலி. அவங்க நெட்டச்சி இப்படி சுத்தி வர்றா. யாரும் பாக்கல. நான் கத்துனேன்க்கா! முன்னாடி நின்னு கத்துனா பின்னாடி யாருக்குக் கேக்கும்?"

பஸ் மெதுவாகிவிட்டது. அப்பா உள்கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வர்றத எப்பப் பாத்த?"

"பந்து அந்தப் பக்கம் போறதுக்கு முன்னாடியேப்பா."

"பந்து வராத எடத்த ஏன் பாத்த?"

"நீங்க லேன் மாறுறதுக்கு முன்னாடி எல்லாக் கண்ணாடியும் பாப்பீங்கல்ல, அது மாதிரி. சின்னதுலேர்ந்து உங்க பின்னாடிதானே உக்காந்து வரேன்."

வீடு வரும்வரை அப்பா ரேடியோகூடப் போடவில்லை.

பூட்ஸ் மறுபடி பைக்குள் போய்விட்டது. பை என் அலமாரியில்.

13 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் காளிதாஸுக்குச் செய்தி அனுப்பினேன். எழுதி, அழித்து, எழுதி — பின்வரிசையில் நடுவில் ஒரு தடவை நிற்க வைத்துப் பாருங்கள், அங்கிருந்து அவளுக்குத் திடல் முழுக்கத் தெரியும் என்று. உடனே குரல்பதிவு வந்தது: "யோசிக்க வேண்டியதுதான் மிஸ். ஆனா உங்கப்பா, சந்தனசாமி அங்கிள், என்னக் கொன்னுருவாரு."

ஆகவே நானே அப்பாவிடம் போனேன். பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பின்னாடி நிக்கவா ஒன்பதாம் நம்பர் வாங்கிக் குடுத்தேன்? பின்னாடி நிக்கிறவன் பேரு எவனுக்கும்மா ஞாபகம் இருக்கு?"

"உங்க பஸ்ல ஏறுறவங்களுக்கு உங்க பேரு தெரியுமாப்பா?"

ஐயோ. ஏன் அப்படிச் சொன்னேன்? பத்திரமா வீட்டுக்குப் போறாங்கல்ல, அதத்தான் சொல்ல வந்தேன். சொல்ல வந்தது பாதி வாயிலேயே நின்னுபோச்சு. அவரு குழாய மூடிட்டு உள்ள போயிட்டாரு.

14 ஜூலை, திங்கள்

அப்பா என்னிடம் பேசவில்லை.

17 ஜூலை, வியாழன்

கிளினிக்கில் வேலை முடிந்து வந்தால் அலமாரியில் பை இல்லை. பூட்ஸ் வாசலில் இருக்கிறது. புது லேஸ், மஞ்சள் நிறம்.

அம்மாவைக் கேட்டேன். "என்னை ஏன் கேக்கிற? உங்கப்பா காளிதாஸ் வீட்டுக்குப் போய்ட்டு வந்தாரு. வர்ற வழியில வாங்கியிருப்பாரு."

19 ஜூலை, சனி

ஒன்பதாம் எண் இன்று பின்வரிசையில் நடுவில் நின்றது. அப்பா பழக்க தோஷத்தில் நாற்காலியோடு எதிர்க் கோல் பக்கம் நடந்தார். நடுக்கோட்டருகே நின்றார். தலையைச் சொறிந்தார். பிறகு திரும்பி, நம் கோலுக்குப் பின்னால் வந்து போட்டு உட்கார்ந்தார். இடைவேளையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்கு, அவள் பின்னாலேயே போனார்.

"லெஃப்ட்டு! லெஃப்ட்டப் பாரு! விடு, நான் இருக்கேன்!" இவ்வளவு பெரிய குரல் அவளிடம் எங்கே இருந்தது? அப்பா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நான் புத்தகத்தைப் பையிலிருந்தே எடுக்கவில்லை.

வீட்டில், சோற்றைப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "என்னாச்சு? ஜெயிச்சீங்களா?"

"இல்ல, டிரா. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்" என்றார் அப்பா.

"அலமாக், யாருமே கோல் போடலையா?"

அப்பா ஆட்ரியின் தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தார்.

"எங்க போடறது? இவ விட்டாத்தானே!"