மான் விழுந்த பக்கம்

சனிக்கிழமை காலை உன் பிரியாணி மசாலா டப்பாவைத் திறந்தேன். பட்டையும் கிராம்பும் வாசம் போய்க் கிடக்கும் என்று நினைத்தேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. அடியில் நீ விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே மஞ்சளித்துப் போன ஒரு சின்ன டேக் இருந்தது. அதில் உன் பெயர். மாதமும் தேதியும் இருக்க வேண்டிய இடங்களில் கோணல்மாணலாக வெட்டிய இரண்டு ஓட்டைகள். வெட்டியவன் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் நாம் வெளிநாட்டில், இர்விங் நகரில் இருந்தோம். ஞாயிறு மாலை ஜெபக்கூட்டத்துக்குப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் கூடுவோம். ஒருநாள் நான் எழுந்து நின்று, இந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மான்கறி என் பொறுப்பு என்று அறிவித்துவிட்டேன். ஊரில் சர்ச் அசன விருந்துக்கு ஆடு கொடுக்கிறேன் என்று சொல்லிப் பழகிய வாய் அது. ஆடு வீட்டுத் தொழுவத்தில் நிற்கும், மான் காட்டில் அல்லவா நிற்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வேட்டை சீசனிலும் நான் வெறுங்கையோடு திரும்பியவன் என்பது எல்லோருக்கும் தெரியும். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய்.

என் அலுவலக நண்பர் வெய்ன் தன் நிலத்தில் வேட்டையாட இடம் கொடுத்தார். அவர் மனைவி உனக்கும் ஒரு லைசென்ஸ் வாங்க வைத்து, காலி டின்களை அடுக்கிச் சுடப் பழக்கினார். முதல் நாளே ஆறில் ஐந்தை நீ தட்டிவிட்டாய். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டின் ஓடாது என்று சொன்னேன்.

டிசம்பரில் ஒரு விடியற்காலை. மானுக்குத் தெரியாமல் மறைந்து உட்காரும் மரப்பலகைக் கூண்டுக்குள் நீயும் நானும் உட்கார்ந்திருந்தோம். மடியில் பிளாஸ்கும் இட்லிப் பொட்டலமும் வைத்திருந்தாய். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கொம்புள்ள மான் ஒன்று கருவேல மரங்களுக்கு இடையிலிருந்து வந்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கினேன். என் கை நடுங்கியது, தோள் நடுங்கியது, பல்லும் சேர்ந்து அடித்துக்கொண்டது. பன்னிரண்டு குடும்பமும் இலை போட்டு உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் தெரிந்தது, மான் தெரியவில்லை. நீ என் முழங்கையைத் தொட்டு, "இங்க குடுங்க," என்றாய். கொடுத்துவிட்டேன்.

நர்ஸாக ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி போடுகிற கை உன்னுடையது. ஒரே ஒரு சத்தம். மான் நாற்பதடி ஓடி, ஓடையருகே இடப்பக்கமாகச் சாய்ந்தது. நீ போய் அதன் கழுத்தில் கை வைத்து, கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னாய். கொஞ்சம் அழுதாய். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கறிக்கடைல எலும்போட சின்னத் துண்டா வெட்டித் தரச் சொல்லணும்ங்க, இவங்க பாட்டுக்கு அரைச்சு சாசேஜ் ஆக்கிருவாங்க," என்றாய். சுட்டவருடைய லைசென்ஸோடு வரும் டேக்கில் தேதியை வெட்டி, கொம்பில் கட்ட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அந்த வேலையையாவது நான் செய்கிறேன் என்று கத்தியை வாங்கினேன். அதன் லட்சணத்தைத்தான் சனிக்கிழமை பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் மதியம் நம் வீட்டில் நிற்க இடமில்லை. பிரியாணியை ஒரு வாய் வைத்ததும் ஜெபக்கூட்டத்து ஜெபராஜ் என் முதுகில் தட்டி, "அண்ணே, சொன்ன மாதிரியே அடிச்சிட்டீங்க," என்றான். நீ கரண்டியோடு நின்றாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், ஆனால் வேறு கதைக்கு. காற்று எந்தப் பக்கம் வீசியது, மூச்சை எப்படிப் பிடித்தேன், மான் வலப்பக்கம் எப்படி விழுந்தது என்று அளந்து தள்ளினேன். நீ கரண்டியோடு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாய்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாய்: "கதை நல்லாத்தான் சொன்னீங்க. மான் விழுந்த பக்கத்த மட்டும் மாத்திட்டீங்க."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்தடுத்த வருடங்களில் நீ மேலும் மூன்று மான் அடித்தாய், அது ஊருக்கே தெரியும். உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று அதற்கும் ஒரு வால் சேர்த்தேன். நீ சிரிப்பாய். முதல் மான் மட்டும் என் பெயரிலேயே இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யாராவது அந்தக் கதையைக் கேட்பார்கள். அடுத்த வருடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட உனக்கு இனி வருடம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் தெரிந்தபோது, சொல்வதற்கு உன் முன்னால் வெட்கமாக இருந்தது. நான் செய்தது திருட்டுத்தனம். அதை உன்னிடம் ஒரு தடவைகூட ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியம் உன் முதலாமாண்டு நினைவு ஜெபம். பழைய ஆட்களில் ஆறு குடும்பத்தார் வந்திருந்தார்கள். உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சட்டைப்பையிலிருந்து டேக்கை எடுத்துக் காட்டினேன். அந்த மானை அடித்தது இவள், நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இத்தனை வருடமாக உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். ஜெபராஜ் வாயைப் பிளந்தான். பெண்கள் பக்கத்தில் யாரும் அசையவில்லை. பிறகு அவன் மனைவி கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. பிரியாணி கிண்டும்போதே அக்கா சொல்லிட்டாங்க. நீங்க ஹால்ல கத சொல்றதக் கேட்டதும் ஓடி வந்து, அவரே ஒருநாள் சொல்லுவாரு, அதுவரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

அத்தனை கிறிஸ்துமஸிலும் நான் கதை சொல்லும்போது சமையலறை ஏன் அப்படி அமைதியாக இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறாய். எனக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டேக்கை டப்பாவில் திரும்ப வைக்கவில்லை, என் பர்ஸில் இருக்கிறது. ஜெபராஜ் விடவில்லை, முழுக் கதையையும் முதலிலிருந்து கேட்டான். சொன்னேன். இந்தத் தடவை மான் இடப்பக்கம்தான் விழுந்தது.